பேறுகாலத்துக்குப் போன வீடு

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் என்னை அழைத்துப்போக அத்தா குமுளிக்கு வந்தார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். ஏழாம் மாதமே கூட்டிப்போயிருக்க வேண்டும். ஏழாம் மாதம் முழுக்க நானும் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்துகொண்டிருந்ததால் அந்த நினைப்பே யாருக்கும் வரவில்லை.

குழந்தை பிழைக்காது என்று அதற்குள் எங்களுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

ஐந்தாம் மாத ஸ்கேனில் வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது, அடுத்த முறை பார்ப்போம் என்றார்கள். அடுத்த முறை பார்த்தவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, கோட்டயத்துக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே இதயத்தில் பெரிய ஓட்டை இருப்பதாகச் சொன்னார்கள். வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதித்தார்கள். ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கிறது, இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலானவை நிலைப்பதில்லை என்று முடிவு வந்தது. "உள்ளேயே போகலாம். பிறக்கும்போது போகலாம். பிறந்து சில மணி நேரமோ சில நாளோ இருக்கலாம்" என்று அந்த டாக்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிச் சொன்னார். மருத்துவக் குழுவிடம் அனுமதி கேட்டு முன்கூட்டியே முடித்துவிடும் வழியும் உண்டு என்றார். நாங்கள் வேண்டாம் என்றோம்.

மார்க்கம் தடுக்கிறதென்று பயந்து அப்படிச் செய்தோம் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். சிலர் அதற்காகப் பாராட்டவும் செய்தார்கள். எனக்கு அவ்வளவு பெரிய காரணமெல்லாம் இல்லை. டாக்டர் விரல் மடக்கிக்கொண்டிருந்தபோதே அது என் விலாவில் உதைத்துக்கொண்டிருந்தது.

அத்தா கார் பிடித்து வந்திருந்தார். வீட்டுக்காரருக்குக் குமுளி பஸ் நிலையத்துக்கு எதிரே ஏலக்காய், மிளகு, கிராம்பு விற்கும் கடை. சீசன் நேரம்; கடையைப் பூட்ட முடியாது. கார் கிளம்பும்போது என் பக்கத்துக் கண்ணாடிக்குக் குனிந்து, "வாரா வாரம் வந்துர்றேன்" என்றார். பிறகு என் வயிற்றைப் பார்த்துவிட்டு அத்தாவின் பக்கம் திரும்பி, "மெதுவா போகச் சொல்லுங்க மாமா, வளைவு ஜாஸ்தி" என்றார். மெதுவாகப் போனால் என்ன, வேகமாகப் போனால் என்ன என்று நான் நினைத்தேன். அவரும் அதையே நினைத்திருப்பார் என்பது அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

மலை இறங்கி கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி என்று நெடுகப் பகல் பயணம். எனக்குப் பனிக்குட நீர் அளவுக்கு மேல் இருந்தது. அதுவும் குழந்தையின் நோயால் வந்ததுதான். குழந்தை சரியாக விழுங்காததால் நீர் குறையாமல் சேர்ந்துகொண்டே போனது. பார்ப்பவர்களுக்கு மட்டும் அது கொழுத்த பிள்ளையாகத் தெரிந்தது. பழனிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது வடை போட்டுக்கொண்டிருந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை எடுத்து எனக்குப் போட்டாள்.

"ரெட்டையா தாயி? வயிறு இந்தப் போடு போட்டிருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் அத்தா, "ஒண்ணுதானுங்க" என்றார்.

"அப்ப யானைக்குட்டிதான். நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும்."

"ஆமாங்க" என்றார் அத்தா. வாங்கிய வடையை அவர் கடைசிவரை தின்னவில்லை. காகிதத்தில் மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்து, பொள்ளாச்சி தாண்டிய பிறகு ஜன்னல் வழியாகப் போட்டார்.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. கடைப் பலகை மலையாளத்தில் இருக்கும், கடைக்குள் பேச்சு தமிழில் இருக்கும். அத்தாவுக்குப் பள்ளிவாசல் தெருவில் துணிக்கடை. வீடு கடைக்குப் பின்னாலேயே. கார் நின்றதும் அம்மா வாசலுக்கு ஓடி வந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"கறுத்துப் போயிட்டியே கண்ணு. வா, ஊட்டுக்குள்ள வா. எல்லாம் எடுத்து வெச்சிருக்கறேன்."

எல்லாவற்றையும் எடுத்து வைத்துத்தான் இருந்தாள். உள்ளறையில் உத்தரத்துக் கொக்கியில் தொட்டில் கட்டியிருந்தாள். பழைய நூல் சேலைகளை வெந்நீரில் அலசிக் காயவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து, அடுக்காக வைத்திருந்தாள். வசம்பு சுட்டு வைத்திருந்தாள். பேறுகால மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும் பனங்கருப்பட்டியும் வந்திருந்தன. நாற்பது நாளும் வந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஒரு அம்மாளிடம் பேசி முடித்திருந்தாள். சின்னச் சட்டைகள்கூட இருந்தன. கடையிலிருந்து மிஞ்சிய துண்டுத்துணியில் கையால் தைத்தவை. மஞ்சளில் பூப்போட்டது ஒன்று, வெளிர்நீலத்தில் ஒன்று.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். "அம்மா, அவங்க சொன்னது உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இதெல்லாம்?"

அம்மா ஒரு சதுரத்துணியை எடுத்து உதறி மறுபடி மடித்தாள். "டாக்டருங்க சொல்றதெல்லாம் நடக்கோணும்னு எழுதியா வெச்சிருக்குது? அல்லா இருக்கறான். நீ படு."

அந்த மாதம் முழுவதும் எங்கள் இருவருக்கும் நடுவில் இதுதான் நடந்தது. அவள் ஏதாவது தயார் செய்வாள். நான் அதைப் பார்ப்பேன். நான் பார்ப்பதை அவள் பார்ப்பாள். பேச்சு அதற்கு மேல் போகாது. நான் வாயைத் திறந்து, "அது சாகப்போகிறது" என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் அவள் உடைந்துபோயிருப்பாள். எனக்கு அவளை உடைக்கவும் மனமில்லை, அவளோடு சேர்ந்து நம்பவும் தெம்பில்லை.

தெருவில் உள்ளவர்களுக்கு முழு விவரமும் தெரியாது. அவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். புளிச்சோறு, முட்டை சேர்த்த வட்டலப்பம், மாம்பழம். என் வயிற்றின் வடிவத்தைப் பார்த்து ஆண் என்றார் ஒருத்தர், பெண் என்றார் ஒருத்தர். அம்மா சிரித்தபடி, "எதுன்னாலும் சரிங்க" என்பாள். அவர்கள் போனதும் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு அடுப்பங்கரையிலேயே நெடுநேரம் நிற்பாள். அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

ஊர் ஆஷா ஊழியர் ஒருநாள் வந்தாள். என்னோடு பள்ளியில் படித்தவள்தான். பிரசவத்துக்கு எந்த வண்டி, கூட யார் வருவார்கள், ரத்தம் தேவைப்பட்டால் யார் கொடுப்பார்கள் என்று எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டாள். பதில் சொன்னேன். கடைசியாக, "பிறந்த உடனே பால் கொடுக்கணும், முதல் பால் கண்டிப்பா…" என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குத் தகவல் போயிருந்தது. பழக்கத்தில் வாய் ஓடிவிட்டது.

"மன்னிச்சுக்கோடி" என்றாள்.

"பரவால்ல. எல்லார் கிட்டயும் சொல்றதுதான?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயிலில் அடுத்த வீட்டுக் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. போகும்போது, "இன்னிக்கு அசைவு இருந்ததா?" என்று மட்டும் கேட்டாள். இருந்தது என்றேன்.

அசைவுதான் எனக்குக் கொடுமையாக இருந்தது. குமுளியில் நான் தமிழ்வழிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். நாள் முழுக்கச் சத்தத்தில் இருந்து பழகியவள். இங்கே வேலை எதுவும் இல்லாமல், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், வயிற்றுக்குள் நடப்பது மட்டும்தான் உலகம். இனிப்பு சாப்பிட்டால் துள்ளும். இடது பக்கம் திரும்பிப் படுத்தால் அடங்கும். பாங்கு சொல்லும் நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தால் திடுக்கென்று குலுங்கும். ஒரு குழந்தையைப் பற்றி ஒரு தாய் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் எனக்குத் தெரிந்துகொண்டே வந்தது. தெரிந்து என்ன செய்வது? அசைவு நின்றுவிட்டால் தேவலை என்று சில நேரம் இருக்கும். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் எழுந்து உட்கார்ந்து, வயிற்றைத் தட்டித் தட்டி எழுப்புவேன்.

வீட்டுக்காரர் சொன்னபடி வாரம் தவறாமல் வந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அத்தாவோடு போவார். சாயங்காலம் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். கடையைப் பற்றிச் சொல்வார். இந்த வருஷம் மழை ஏமாற்றியதால் ஏலக்காய் பருமன் இல்லை என்பார். இரண்டாவது வாரம் வந்தபோது, அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, "பேரு யோசிக்கணுமே" என்றார்.

"பேரா?"

"ஆணுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு. கைல இருக்கணும்ல. அன்னிக்கு யோசிச்சிட்டு நிக்க முடியாது."

எந்த டாக்டரும் எங்களுக்கு ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு பெயர் தேடினோம். முதலில் அவர் சொன்னவை எல்லாம் நல்ல பெயர்கள். அப்படிப்பட்ட ஒன்றைப் போட எனக்கு மனம் வரவில்லை. பின்னால் வேறொரு குழந்தைக்கு அந்தப் பெயர் வேண்டியிருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் உடம்பு கூசியது. இதற்கென்று ஒதுக்கிய மலிவான பெயர் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேனா? அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டையே சொல்லிவிட்டேன். அவற்றை இங்கே எழுதவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் அத்தா பள்ளிவாசலில் தொழவைக்கும் அஜரத்திடம் கேட்டுவிட்டு வந்தார். அவர் அப்படி ஒன்றைக் கேட்கப்போகிறார் என்று எங்களுக்குத் தெரியாது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"உசிரோட பொறந்து ஒரு மூச்சு விட்டாலும் போதுமாம். பேர் வெச்சு, குளிப்பாட்டி, கபன் இட்டு, தொழுவெச்சு அடக்கணுமாம்."

"மூச்சு விடாட்டி?" என்றேன்.

"குளிப்பாட்டித் துணில சுத்தி அடக்கறதுதானாம். தொழுகை இல்லையாம்."

அம்மா சோற்றுப் பானையை டப்பென்று வைத்தாள். "புள்ளை முன்னால பேசற பேச்சாங்க இது?"

"அவ புள்ளையப் பத்தித்தான் பேசறேன்" என்றார் அத்தா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் உயரவில்லை. ஆனால் அம்மா பானையைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து என் ஆசை அந்த ஒரு மூச்சுக்குச் சுருங்கிவிட்டது. முன்பு குழந்தை வளர வேண்டும், படிக்க வேண்டும் என்றெல்லாம் நினைத்திருப்பேன். அதெல்லாம் ஏழாம் மாதத்திலேயே போயிற்று. இப்போது ஒரு மூச்சு. ஐந்து வேளைத் தொழுகையிலும் உட்கார்ந்தபடி அதைத்தான் கேட்டேன். இவ்வளவு சிறிய ஒன்றைக் கேட்கிற வாய்க்கு வெட்கமாக இருந்தது. கிடைக்காமல் போகலாம் என்ற பயமும் கூடவே இருந்தது.

மூன்றாம் வாரம் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கவிருந்த டாக்டரைப் பார்க்கப் போனோம். நடுவயதுப் பெண். மலையாளத்துக்காரர், தமிழ் தயங்கித் தயங்கிப் பேசுவார். எங்களைக் கடைசி ஆளாக உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மோளே, கொஞ்சம் காரியம் இப்பவே முடிவு பண்ணணும். வலி வரும்போது குழந்தைக்கு இதயத்துடிப்பு குறையும். சாதாரணமா அப்ப நாங்க ஆபரேஷன் செய்யும். உனக்கு செய்யட்டா?"

"செஞ்சா பிழைக்குமா?"

"இல்ல."

"அப்ப வேண்டாம்" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் என் உடம்பைக் காப்பாற்றுகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்த ஒரு மூச்சு என் மனதில் நின்றது. ஆபரேஷன் செய்தால் உயிரோடு வெளியே வருமா என்று கேட்டேன். வர வாய்ப்புக் கூடுதல், ஆனால் உறுதி சொல்ல முடியாது, உனக்கு அடுத்த பிரசவமும் சிக்கலாகும் என்றார் டாக்டர். கடைசியில் நானே வேண்டாம் என்றேன். அதைச் சொல்லும்போது குழந்தை அசையாமல் இருந்தது.

அடுத்தது, மூச்சுக்குக் குழாய் போட வேண்டுமா? வேண்டாம். குழந்தைகள் தீவிரப் பிரிவில் வைக்க வேண்டுமா? வேண்டாம், என் மேலேயே இருக்கட்டும். டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "உங்களுக்கு வேற என்ன வேணும்? அதச் சொல்லு" என்றார்.

இதுவரை யாரும் எங்களிடம் கேட்காத கேள்வி. வீட்டுக்காரர் நாற்காலியில் முன்னே நகர்ந்தார். "காதுல பாங்கு சொல்லணும் டாக்டர். உசிரு இருக்கும்போதே. பிரசவ ரூமுக்குள்ள ஆம்பளைய விட மாட்டாங்கன்னு சொல்றாங்க."

"நிங்களை நான் விடும்" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது, வீட்டுக்குப் போவதற்கு முன் நான் அத்தாவின் கடையில் இறங்கிக்கொண்டேன். மதிய வெயில், கடையில் வேறு ஆள் இல்லை. அத்தா எழுந்து மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அத்தா, வெள்ளைத் துணி வேணும்."

அவர் எதற்கு என்று கேட்கவில்லை. ஊரில் யார் இறந்தாலும் கபன் துணி அவர் கடையிலிருந்துதான் போகும். அந்தச் சுருள் எப்போதும் மேல் தட்டில் இருக்கும். முழம் போட்டுக் கிழிக்கும்போது அவர் பேச்சை நிறுத்திவிடுவார் என்பது சிறுவயதிலேயே எனக்குத் தெரியும். இப்போது அந்தச் சுருளை அவர் எடுக்கவில்லை. ஏணி போட்டு ஏறி, உள்ளே இருந்து மெல்லிய மல் துணி ஒன்றை எடுத்தார். கைக்குழந்தைகளுக்கென்று வாங்கி விற்பது.

"இது மெத்துனு இருக்கும்" என்றார்.

மேசையில் விரித்து அளக்கப் போனவர், முழக்கோலை எடுத்துவிட்டு நின்றார். எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் இரண்டு கையையும் விரித்து, ஸ்கேனில் சொன்ன நீளத்தை உத்தேசமாகக் காட்டினேன். அத்தா என் இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கோலை வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, அந்த மல் துணியிலேயே முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைக்கு முன்னால் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்.

நனைந்த பகுதியை ஒதுக்கிவிட்டு வேறு பகுதியில் கிழித்துக் கொடுத்தார். அதை என் ஆஸ்பத்திரிப் பையின் அடியில் வைத்தேன். பையில் ஏற்கெனவே அம்மா அடுக்கிய சதுரத்துணிகளும் மஞ்சள் பூச்சட்டையும் இருந்தன. அடுத்த நாள் பையைத் திறந்தபோது எல்லாம் மறுபடி அடுக்கப்பட்டிருந்தது. வெள்ளைத் துணி அதே இடத்தில், இன்னும் ஒழுங்காக மடித்து இருந்தது. அம்மா பார்த்துவிட்டாள். தொட்டிலை மட்டும் அவிழ்க்கவில்லை.

பனிக்குடம் உடைந்தது ஒரு காலை நேரத்தில். அம்மா ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் கொல்லைக்குப் போக எழுந்தேன். தரை முழுக்கத் தண்ணீர். அளவுக்கு மேல் சேர்ந்திருந்ததால் அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அத்தா வண்டிக்கு ஓடினார். அதிர்ஷ்டம் என்று சொல்வதா தெரியவில்லை, வீட்டுக்காரர் முந்தின நாள்தான் வந்திருந்தார். குமுளியிலிருந்து அவருடைய அம்மாவான என் மாமியும் கூடவே வந்திருந்தார்.

வலியைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. எல்லோருக்கும் வருகிற வலிதான். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணிடம் நர்ஸ், "முக்கு மோளே, குழந்தையப் பாக்கணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்தபோது அந்த இரண்டாவது பாதியை அவள் விட்டுவிட்டாள். வெறுமனே, "முக்கு மோளே" என்றாள். இதயத்துடிப்புக் கேட்கும் கருவியை டாக்டரே நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டார். அதனால் கடைசி நேரம் முழுவதும் உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே பெற்றேன்.

பெண். மிகச் சின்னதாக இருந்தாள். அழவில்லை. டாக்டர் முதுகைத் தடவினார். மறுபடி தடவினார். நான் டாக்டரின் முகத்தையே பார்த்தேன். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்போது பூனைக்குட்டி தும்முவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். டாக்டர் அவளை என் மார்பில் வைத்து, "மூச்சு உண்டு" என்றார்.

வீட்டுக்காரர் பச்சை அங்கி போட்டு, செருப்பில்லாமல் உள்ளே வந்தார். குனிந்து வலது காதில் பாங்கு சொல்ல ஆரம்பித்தார். பாதியில் அவர் நிறுத்தியதும் எனக்குப் பதறியது. "சொல்லுங்க, சொல்லுங்க, விட்றாதீங்க" என்று கத்தினேன். அவர் மறுபடி எடுத்துச் சொல்லி முடித்தார். பெயரைச் சொல்லி அழைத்தார். பக்கத்துக் கட்டிலில் அந்தப் பெண்ணுக்கும் அந்த நேரம்தான் குழந்தை பிறந்து அறையே அதிரும்படி கத்தியது. நர்ஸ் நடுவில் திரையை இழுத்துவிட்டாள். திரை என்ன சத்தத்தையா தடுக்கும்?

தனி அறைக்கு மாற்றினார்கள். அம்மா வந்தாள். சர்க்கரைத் தண்ணீரில் விரலை நனைத்து சேனை தொட்டு வைக்கலாமா என்று கேட்டாள். எந்த ஆஸ்பத்திரியிலும் இதை விடமாட்டார்கள். டாக்டர் நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். அம்மா தன் சுண்டுவிரலைக் குழந்தையின் உதட்டில் வைத்தாள். "என்ற தங்கமே, உங்கம்மா மாதிரியே மூக்கு" என்றாள். அவளுக்கு அப்போதும் நம்பிக்கை போகவில்லை. மூச்சு வந்துவிட்டதே, இனி வளர்ந்துவிடும் என்பதுபோல, போர்வையைச் சுற்றிச் சுற்றிச் சூடு பார்த்தாள். அத்தா வந்து கட்டில் காலருகே நின்றார், தொடவில்லை. மாமி தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். நான் அவளுடைய தலைமுடியைப் பார்த்தேன். நல்ல கருகருவென்று அடர்த்தியாக இருந்தது. அதை யாரும் ஸ்கேனில் சொல்லியிருக்கவில்லை.

மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் முடிந்துவிட்டது என்று நினைப்பேன். மறுபடி மார்பு ஏறும். மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்குக்குப் பிறகு ஒருமுறை ஏறவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தோம். டாக்டர் வந்து கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, என் நெற்றியில் கை வைத்தார்.

அன்றைக்கே அடக்க வேண்டும். அவளை ஊருக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தது. நான் கட்டிலைவிட்டு எழ முடியாது. மாமி என்னோடு இருந்தார். மற்ற எல்லோரும் அவளோடு போனார்கள். பையிலிருந்து வெள்ளைத் துணியை அம்மாதான் எடுத்தாள். நான் கேட்காமலே அந்தப் பூச்சட்டையையும் எடுத்துக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போது அம்மாவின் தோளுக்கு மேல் அந்தக் கருமுடி மட்டும் தெரிந்தது. கதவு சாத்திய பிறகு மாமி குர்ஆன் ஓத ஆரம்பித்தார். தாழ்வாரத்தில் யாரோ பிள்ளை பிறந்ததற்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் கதவையும் தட்டினார்கள். மாமி எழுந்து போய் ஒன்று வாங்கி, வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது தொட்டில் இல்லை. கொக்கி மட்டும் இருந்தது. மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டியது. இது வரும் என்று ஒரே ஒருவர்கூட என்னிடம் சொல்லியிருக்கவில்லை. மரணத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரு மாதமாகத் தயார் செய்திருந்தோம், இதை மறந்துபோனோம். நெஞ்சு கல்லாகி, காய்ச்சல் வந்தது. அம்மா முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டினாள். துணியையும் மீறி வழிந்தது. தெருவில் எந்தக் குழந்தை அழுதாலும் வழிந்தது. மாத்திரை போட்டு அடங்க நாளாயிற்று.

பேசி வைத்திருந்த அம்மாளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நாற்பது நாளும் அம்மாவே எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். "பெத்த உடம்பு, பாத்துக்கோணும்" என்று மருந்து கொடுத்தாள். நான் விழுங்கினேன். ஒரு நாள், என் முதுகில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே சொன்னாள்.

"அன்னிக்கு நான்தான் குளிப்பாட்டுனேன். தண்ணி சூடு பாத்துத்தான் ஊத்துனேன், கண்ணு. கையில விட்டுப் பாத்து, இன்னும் கொஞ்சம் பச்சத்தண்ணி விட்டு, அப்புறம்தான். பக்கத்துல இருந்தவுங்க, எதுக்குங்க இப்பிடிப் பாக்கறீங்கன்னாங்க."

அவள் கை நின்றது. எனக்குப் பின்னால் இருந்ததால் அவள் முகம் தெரியவில்லை.

"சட்டைய உள்ள போடக்கூடாதுன்னுட்டாங்க" என்றாள். "எடுத்து வெச்சிருக்கறேன்."

அது எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவள் மறுபடி தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

நாற்பது முடிந்து வீட்டுக்காரர் வந்து என்னைக் குமுளிக்கு அழைத்துப்போனார். மலை ஏறும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்தார். லோயர்கேம்ப் தாண்டியதும் குளிர் தொடங்கியது. அடுத்த குழந்தையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. இது மறுபடி வருவது மிக அபூர்வம் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். எனக்கு ஒன்பது மாதம் மறுபடி எண்ணுவதற்குத் தைரியம் வரவில்லை.

பஸ் நிலையத்தில் இறங்கி எங்கள் கடைக்கு நடந்தபோது, பக்கத்தில் சாக்லேட் கடை வைத்திருக்கும் அக்கா என்னைப் பார்த்துவிட்டு வெளியே ஓடி வந்தார். ஊருக்குப் போகும்வரை தினமும் என் வயிற்றைத் தடவிப் பார்த்தவர். வீட்டுக்காரர் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"வந்துட்டியா! என்ன குழந்தை?"

"பொண்ணு" என்றேன்.

"அப்பாடி. எங்க, ஊர்ல அம்மா கிட்ட விட்டுட்டு வந்துட்டியா?"

"ஆமாக்கா. ஊர்லதான் இருக்கா."

"அதான் நல்லது. இங்க குளிரு" என்றார் அவர். என் வீட்டுக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். கை பாதியில் நின்றது. நான் உள்ளே போய் பையை வைத்துவிட்டு, தட்டுகளில் படிந்திருந்த தூசியைத் துடைக்க ஆரம்பித்தேன்.